அபினியும் அளவும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளான் மாதத்தில், குரோம்பேட்டைப் பள்ளிவாசல் ஒன்றில் அஸர் தொழுகை முடித்து வெளியே வந்தபோது, என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வாயிற்படியில் காத்து நின்றார். அவருடைய அத்தா நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிலில் நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்ந்தவர். வாயில் தோன்றிய புற்றுநோய் எலும்பு வரை பரவிவிட்டிருந்தது. மருத்துவர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்து, நான்கு மணி நேரத்திற்கு ஒன்றாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார். பெரியவருக்கோ நோன்பை விட மனமில்லை. பகல் முழுவதும் மாத்திரையைத் தொடாமல் வலியில் துடித்துக் கிடந்தவர், நோன்பு திறந்த கையோடு, விட்டுப்போன வேளைகளுக்கும் சேர்த்து மூன்று மாத்திரைகளை ஒன்றாக விழுங்கியிருக்கிறார். அன்றிரவு அவரை எழுப்ப முடியவில்லை. மூச்சு நிமிடத்திற்கு ஏழு, எட்டு என்று இறங்கிவிட்டது. 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, முறிமருந்து ஏற்றிய பிறகே கண் திறந்தார்.

“ஹஜ்ரத், இப்போது அத்தா இந்த மாத்திரையே வேண்டாம் என்கிறார். அபினியைத் தின்று மவுத்தாவதைவிட வலியோடு மவுத்தாகிறேன் என்கிறார். இது ஆகுமானதா, ஆகாததா? நீங்கள் வந்து சொன்னால் கேட்பார்” என்றார் மாணவர்.

அந்த இடத்தில் நின்றபடியே பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு கிதாபுகளைப் புரட்டினேன். மருத்துவம் அறிந்தவர்களிடமும் கேட்டேன். அப்போது கண்டவற்றையும் பின்னர் தேடிப் படித்தவற்றையுமே வாசக அன்பர்களின் முன் வைக்கிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கிரேக்கர்கள் ஒப்பியோன் என்று அழைத்த சாறு அரபியில் அஃப்யூன் ஆயிற்று. அதுவே நம் நாட்டிற்கு வந்து அபின், அபினி என்று தமிழாயிற்று. அச்செடிக்கும் அதன் வித்துக்கும் அரபியில் கஷ்காஷ் என்று பெயர். நம் வீட்டுக் குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசா அந்தக் கஷ்காஷேதான். வித்தில் மயக்கும் ஆற்றல் இல்லை என்று சொல்லும் அளவிற்கே உள்ளது. ஆயினும் ஐக்கிய அரபு அமீரகமும் சிங்கப்பூரும் அதை உள்ளே விடுவதில்லை. துபாய்க்குப் புறப்படும் பிள்ளைக்கு மசாலாப் பொடி கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. முற்றாத காயை மாலையில் கீறிவிட்டால் இரவெல்லாம் பால் கசிந்து உறையும். மறுநாள் காலையில் சுரண்டி எடுப்பார்கள். அந்தப் பிசின்தான் அபினி.

இந்தப் பிசினின் குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே எழுதி வைத்தவர்களில் பேரறிஞர் அபூ அலீ இப்னு சீனா முன்வரிசையில் நிற்கிறார். ஹிஜ்ரி 370-இல் (கி.பி. 980) புகாராவை அடுத்த சிற்றூரில் பிறந்த அவர் இயற்றிய ‘அல்கானூன் ஃபித்திப்’ என்னும் பெருநூல், பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டுப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பாடமாக இருந்தது. அந்நூலில் அவர் வலியைப் பதினைந்து வகையாகப் பிரிக்கிறார். குத்தும் வலி, அழுத்தும் வலி, அரிக்கும் வலி என்று நோயாளி வாய்விட்டுச் சொல்வதையெல்லாம் தனித்தனியே பெயரிட்டுக் காட்டுகிறார். இன்றும் மருத்துவர் ‘எப்படி வலிக்கிறது?’ என்று கேட்பது இந்த மரபில் வந்த கேள்விதான். வலியை நீக்கும் வழிகளில், அதன் காரணத்தைக் களைவது ஒன்று, உணர்வை மரக்கச் செய்வது மற்றொன்று என்று பிரிக்கும் அவர், மரக்கச் செய்யும் மருந்துகளில் அபினியே வலியது என்கிறார். அக்கால மருத்துவக் கணக்கின்படி அது நான்காம் படிக் குளிர்ச்சி உடையது. நான்காம் படி என்றால் நஞ்சின் எல்லை என்று பொருள்.

இவ்வளவு எழுதியவரின் இறுதி நாள்களை அவருடைய மாணவர் அல்ஜூஸ்ஜானீ பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு நாகல்கேணிப் பெரியவரின் நினைவே வந்தது. இப்னு சீனாவைக் கடுமையான குடல்வலி பற்றியிருந்தது. தமக்குத் தாமே மருத்துவம் பார்த்துக்கொண்டார். குடலில் செலுத்தும் மருந்தில் செலரி விதை இரண்டு தானக் எடை சேர்க்கச் சொன்னார். கலந்தவரோ ஐந்து திர்ஹம் எடையைப் போட்டுவிட்டார். ஆறு தானக் சேர்ந்தது ஒரு திர்ஹம். அப்படியானால் சொன்னதைப் போலப் பதினைந்து மடங்கு! வேண்டுமென்றே செய்தாரா, கைதவறியதா, நான் அங்கு இருக்கவில்லை என்று மாணவர் நேர்மையாக எழுதுகிறார். அதனால் குடற்புண் மிகுந்தது. அதன்பின் வந்த வலிப்புக்காக அவர் உண்ட லேகியத்தில் பணியாளர்களே அபினியை மிகுதியாகக் கலந்தனர். எசமானரின் கருவூலத்தில் கைவைத்திருந்த அவர்கள், அவர் பிழைத்தெழுந்து கணக்குக் கேட்பதை அஞ்சினார்களாம். அதிலிருந்தும் ஒருவாறு தேறியவர், உடல்நிலை முற்றும் சரியாகாமலே பயணம் புறப்பட்டு, ஹிஜ்ரி 428-இல் (கி.பி. 1037) ஹமதானில் காலமானார். மருந்தின் அளவை நூலாக எழுதியவரின் வீட்டிலும், அளந்து கொடுக்கும் கை பிறருடையதாகவே இருந்தது.

அவருடன் கடிதத்தில் வாதிட்ட சமகாலத்தவர் அல்பீரூனீ. மருந்துச் சரக்குகளைப் பற்றிய தம் ‘கிதாபுஸ் ஸைதனா’வில் அவர் வேறொரு செய்தியைச் சொல்கிறார். வெப்பம் மிகுந்த ஊர்களில், குறிப்பாக மக்காவில், சிலர் உடல் அலுப்பும் வெயிலின் கொடுமையும் தெரியாதிருக்கவும் நன்றாக உறங்கவும் வேண்டி நாள்தோறும் அபினி உண்ணும் வழக்கம் கொண்டிருந்தனர். சிறிதாகத் தொடங்கி, போகப் போக அளவைக் கூட்டி, பிறருக்கு உயிர்போகும் அளவு வரை சென்றனர் என்கிறார். நேற்றுப் போதுமாயிருந்த அளவு இன்று போதாமற் போவதை இன்றைய மருத்துவம் தனிப் பெயரிட்டுப் படிக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அதை எழுதியிருக்கிறார்.

மக்காவில் இவ்வழக்கம் நீடித்ததாலோ என்னவோ, ஐந்து நூற்றாண்டுகள் கழித்து அதே நகரில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைத்தமீ (ரஹ்) அவர்களிடம் ஒரு கேள்வி வந்தது. ஹிஜ்ரி 974-இல் மறைந்த இவ்வறிஞர் நமக்கு அந்நியரல்லர். ‘ஃபத்ஹுல் முயீன்’ இயற்றிய பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களுக்கு உஸ்தாத் இவர். அந்நூலை ஓதாத ஷாஃபிஈ மதரஸா தமிழகத்திலும் மலபாரிலும் அரிது. கேள்வி இதுதான்: ஒருவன் அபினிக்குப் பழகிவிட்டான், இப்போது நிறுத்தினால் செத்துப்போவான், என்ன செய்வது? அவர் அவனை ஏசவில்லை. உயிர் போய்விடும் என்பது உறுதியானால் அவன் அதை உண்ணலாம், உண்பது கடமையும் ஆகும் என்றார். பட்டினியால் சாகக் கிடப்பவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி ஆகுமாவதைப்போல. ஆனால் அத்துடன் விடவில்லை. குடல் அறியாத வண்ணம் சிறிது சிறிதாக அளவைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அதுவும் அவன்மீது கடமை என்றார். ஹனஃபீ மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும் தம் ‘ரத்துல் முஹ்தார்’ நூலில் இத்தீர்ப்பை எடுத்தெழுதியிருக்கிறார்கள். ஆக, நம்மூர் இரண்டு மத்ஹபினருக்கும் இது பொதுச்சொத்து.

நீண்ட நாள் மார்ஃபின் உண்டவர் ஒரே நாளில் நிறுத்தலாகாது. படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்று இன்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, மறைந்திருந்த வலியின் பேரெழுச்சி எல்லாம் ஒருங்கே வரும். இது உடலின் பழக்கம். அரபியில் இஃதியாத் எனலாம். அடிமைத்தனமாகிய இத்மான் வேறு. வலி தீர்ந்த பிறகும், கேடு என்று தெரிந்த பிறகும், மனம் அதையே தேடி ஓடுவது இத்மான். முன்னது உடலில் ஏறக்குறைய எவருக்கும் நேரக்கூடியது. பின்னது சிலரைப் பிடிப்பது. இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால் நம் வீடுகளில் எத்தனையோ நோயாளிகள் மாத்திரை கையிலிருந்தும் வலியோடு கிடந்தார்கள். பிக்ஹு அறிஞர்களும் சொல்லைப் பிரித்தே ஆண்டார்கள்: களிப்பூட்டி அறிவைப் போக்குவது முஸ்கிர், உணர்வை மரக்கச் செய்வது முகத்திர். பின்னதை மருத்துவத் தேவைக்காக, தேவையின் அளவிற்கு மேற்போகாமல் பயன்படுத்துவதை அவர்கள் தடுக்கவில்லை.

அளவு, அளவு என்கிறோமே. அந்நாளில் அதை எப்படி அளந்தார்கள்? உண்மையில் அளக்க முடியவில்லை. ஓர் ஊர் அபினி போல் மற்றோர் ஊர் அபினி இருப்பதில்லை. அதே எடையில் ஒன்று வலியையும் தணிக்காது, மற்றொன்று ஆளையே கொல்லும். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துக் கடை உதவியாளராயிருந்த செர்ட்டூர்னர் என்னும் இளைஞர். 1805-ஆம் ஆண்டை ஒட்டி அவர் அபினியிலிருந்து அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து, கிரேக்கக் கனவுத் தேவனின் பெயரால் மார்ஃபியம் என்று பெயரிட்டார். அதைத் தாமும் உண்டு, மூன்று இளைஞர்களுக்கும் அரை கிரெய்ன் வீதம் கொஞ்ச நேர இடைவெளியில் மும்முறை கொடுத்துப் பார்த்தார். நால்வரும் சாவின் விளிம்பு வரை போய், காடி குடித்து வாந்தியெடுத்துத் தப்பினார்கள். 1817-இல் வெளியிட்ட கட்டுரையில் அவரே இதை எழுதியிருக்கிறார். நாகல்கேணியில் விட்டுப்போன மாத்திரைகளை ஒன்றாக விழுங்கியதும் ஏறத்தாழ இதே சோதனைதான்.

அதன்பின் மார்ஃபின் மில்லிகிராமில் நிறுக்கப்பட்டது. மில்லிகிராமுக்கு வந்ததால் ஆபத்து அகன்றதென்று எண்ணவேண்டாம். 1898-இல் ஜெர்மானிய பேயர் நிறுவனம் மார்ஃபினை மாற்றி ஹெராயின் என்னும் பெயரில் இருமல் மருந்தாக விற்றது. 1996-இல் அமெரிக்காவில் பர்டூ நிறுவனம் ஆக்ஸிகாண்டின் என்ற மாத்திரையைக் கொண்டுவந்து, அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றது. 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதுகுவலிக்கும் பல் பிடுங்கிய வலிக்கும் மாதக்கணக்கில் அள்ளிக் கொடுத்ததன் விளைவை அந்நாடு இன்றும் அனுபவிக்கிறது.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. கிழக்கிந்தியக் கம்பெனி 1820-இல் காஜிபூரில் தொடங்கிய அபினித் தொழிற்சாலை இன்றும் அரசின் கையில் இயங்குகிறது. வெள்ளையர் காலத்தில் நம் உழவர் விளைத்த அபினி சீனத்தைச் சீரழித்தது. அதற்காக இரு போர்களும் நடந்தன. இன்றும் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற உழவர்கள் அதைப் பயிரிடுகிறார்கள். உலகின் மருந்துத் தொழிலுக்கு அது கப்பலேறுகிறது. ஆனால் விளைந்த மண்ணில் வலியோடு கிடப்பவனுக்கு அது கிட்டவில்லை. 1985-இல் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் வந்தது. கடத்தல்காரனைப் பிடிக்க விரித்த வலை அது. பத்தாண்டுக்குக் குறையாத சிறை என்ற அச்சத்தாலும், நாலைந்து உரிமங்கள் ஒரே நேரத்தில் காலாவதியாகாமல் கையிலிருக்க வேண்டும் என்ற விதியாலும் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினையே கைகழுவின. 1985-க்கும் 1997-க்கும் இடையில் நாட்டின் மார்ஃபின் பயன்பாடு 97 விழுக்காடு குறைந்து, 1997-இல் 18 கிலோவாக நின்றது. ஏறத்தாழ நூறு கோடி மக்களுக்குப் பதினெட்டே கிலோ! ஒரு தலைமுறை மருத்துவர்கள் அம்மருந்தை எழுதிப் பழகாமலே பட்டம் பெற்று வெளிவந்தார்கள்.

உலக அளவிலும் இதே கதைதான். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஆண்டொன்றுக்குப் பகிரப்பட்ட இவ்வகை வலி மருந்து மார்ஃபின் கணக்கில் 298.5 டன், அதில் மிக ஏழை நாடுகளுக்குச் சென்றது 0.1 டன்.

மாற்றம் நம் அண்டையிலிருந்தே தொடங்கிற்று. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வகுத்த மூன்று படி முறையை அவர்கள் பின்பற்றினார்கள்: இலேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை, நடுத்தர வலிக்குக் கோடீன் போன்ற மென்மையானவை, கடும் வலிக்கு மார்ஃபின். ஊசியைவிட வாய்வழியே மேல். வலி வரக் காத்திராமல் கடிகாரம் பார்த்துக் கொடுப்பது மேல். நோயாளிகளின் வீட்டுக்கே சென்று பார்த்தார்கள். உள்ளூர் மக்களே தொண்டர்களானார்கள். 2001-இல் தண்டனை பிடிபட்ட சரக்கின் அளவுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. 2014-இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, இன்றியமையாத வலி மருந்துகளை வைத்திருக்க மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஓர் அங்கீகாரம் போதும் என்றாயிற்று. மறுபுறம், மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைத்துவந்த டிரமடால் 2018-இல் அதே சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. முழங்கால் வலிக்கு யாரோ சொன்னார்கள் என்று டிரமடால் வாங்கித் தின்பவர்களை நானே அறிவேன். அதுவும் இக்குடும்பத்துப் பிள்ளைதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நோயாளியின் வீடே மருத்துவமனையாவது எங்கள் பகுதிக்குப் புதிதன்று. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்திற்கே பெயர் தந்த காசநோய் மருத்துவமனையை 1928-இல் நிறுவியவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து. அவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சிலகாலம் சிகிச்சை பெற்றார். அந்நாளில் காசம் என்றால் நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, காற்றோட்டமான இடத்தில் கிடத்துவதே வைத்தியம். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம் அதை மாற்றியது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வீட்டிலிருந்தும் குணமாகலாம் என்று 1959-இல் உலகிற்கே காட்டியது. ஒழுங்காக என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. வீட்டார் செவிலியராக மாறவேண்டும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீடு தேடி வரும் வலி தணிப்புப் பணி சேர்ந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து நாகல்கேணிக்குப் போனேன். வலி தணிப்புச் செவிலியர் ஒருவரும் அன்று வந்திருந்தார். நான் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் தீர்ப்பைச் சொன்னேன். நோயாளிக்கு நோன்பை விடும் சலுகையைத் திருமறையே தந்திருப்பதையும், தேறும் நம்பிக்கை இல்லாதவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யா கொடுக்கலாம் என்பதையும் சொன்னேன். சலுகையை ஏற்பதும் வணக்கம்தானே, அத்தா என்றார் மகன். பெரியவர் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ அந்த அம்மா சொல்றதைக் கேட்டுக்க” என்று மகனிடம் சொன்னார்.

அந்த அம்மா சொன்னது நான் கிதாபில் படித்ததைவிடத் தெளிவாக இருந்தது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இடையில் வலி மீறினால் அதற்கென மருத்துவர் எழுதிய கூடுதல் அளவை மட்டும் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்யும் மாத்திரையும் உண்டு. அதற்கு மாற்றினால், விழுங்க முடியவில்லை என்று பொடித்துக் கொடுத்துவிடக் கூடாது. பொடித்தால் பன்னிரண்டு மணி நேர மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் குறையும், மலச்சிக்கல் மட்டும் குறையாது. ஆகவே முதல் நாளிலிருந்தே பேதி மருந்து சேர்ந்து போகவேண்டும். தூக்க மாத்திரையோ மதுவோ இதனுடன் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். மார்ஃபின் வெளியேறாமல் உடலில் தேங்கும். தட்டியும் எழாத உறக்கம், மெதுவாகிப்போன மூச்சு, ஊசிமுனை போல் சுருங்கிய கண்மணி, நீலம் பாய்ந்த உதடு இவற்றில் எதைக் கண்டாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது, உடனே 108. நலாக்ஸோன் என்ற முறிமருந்து இருக்கிறது, ஆனால் அது நேரத்தில் போய்ச் சேரவேண்டும்.

பெரியவரின் மருமகளுக்குத் தீராத தலைவலி. அவர் அந்த மாத்திரையில் பாதியைக் கேட்டிருந்ததும் அன்று வெளிவந்தது. செவிலியர் சினக்கவில்லை. பழகாத உடம்புக்கும் குழந்தைகளுக்கும் இந்த ஒரு மாத்திரையே போதும் என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே பீரோவில் பூட்டிய தகரப் பெட்டிக்கு மாத்திரை இடம் மாறியது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, கொடுத்தவர் பெயர், மீதமுள்ள எண்ணிக்கை என்று மாணவர் கோடு போட்டு வைத்தார். இரவு இரண்டு மணி வேளைக்குப் பேரன் அலாரம் வைத்துக்கொண்டான்.

பெரியவர் அதன்பின் நான்கு மாதம் இருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்கு நாற்காலியில் அமர்த்திக் கூட்டி வந்தார்கள். தக்பீர் தெளிவாகச் சொன்னார். ஜனாஸா அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், மாணவர் தகரப் பெட்டியைத் திறந்து மீதி மாத்திரைகளை எண்ணி, நோட்டுப் புத்தகத்தோடு சரிபார்த்து, வாங்கிய இடத்திலேயே ஒப்படைத்துக் கையெழுத்துப் பெற்று வந்தார். பதினொன்று இருந்தன.